பின்பனிக் கொல்லை

முன்பனி கழிந்து பின்பனி தொடங்கும் தை, மாசித் திங்கள்கள் கொல்லைக்கு உரியவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணின் அடியில் ஈரம் எஞ்சியிருக்க, மேலே முளைத்த களைகள் இன்னும் விதை உதிர்க்காதிருக்கும் சின்னாள்களே மண்வெட்டி பிடிப்பதற்கு ஏற்றவை. பங்குனி வெயில் ஏறியபின் அந்த ஈரத்தைத் தேடினாலும் கிடையாது. நமது காயல்பட்டினத்து மணலிலோ அச்சின்னாள்களும் விரைந்து கழிந்துவிடும்.

இவ்வாண்டு தை பிறந்தபோது, கொல்லையைக் கொத்துவதா, அப்படியே விட்டுவிடுவதா என்னும் வினா நமது இல்லத்தில் எழுந்தது. நம்மூர் வழக்கை அறிந்தோர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மகளுக்கு மணமுடிக்குங்கால் அவளுக்கென ஒரு வீடு அளிப்பதும், மணமகன் அவ்வீட்டிற்கு வந்து வாழ்வதும் இங்குள்ள முறை. நாம் முப்பதாண்டுகளாக வாழ்ந்துவரும் இவ்வீடு நம் மாமனார் தம் மகளுக்கு அளித்தது. கிணறும் முருங்கையும் கொல்லையும் நம் துணைவியாருக்கு உரியவை. அவற்றில் நமக்குள்ள பாத்தியதை மண்வெட்டி பிடிக்கும் அளவே. இப்பொழுது இளைய மகளுக்கு மணம் பேசி முடித்தாயிற்று. அவளுடைய வீடு இக்கொல்லையில்தான் எழும்ப வேண்டும். ஆனி பிறந்ததும் அடித்தளம் தோண்ட ஆள்கள் வருவர்.

நான்கு திங்களில் சிமெண்டுக்கு அடியில் போகப்போகும் மண்ணுக்கு எரு எதற்கு என்று மூத்த மருமகனார் கேட்டார். கேள்வி நியாயமானதே. துணைவியார்தாம் விடை கூறினார். "தோண்டுவதற்கு முன்னால் மேல்மண்ணை ஒரு சாண் வழித்தெடுத்து மதிலோரம் போட்டுக்கொள்ளலாம், மாப்பிள்ளை. இப்போது போடும் எருவும் அதோடு வந்துவிடும்." மருமகனார் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

வழித்தெடுத்துப் பாதுகாக்கத்தக்கதாக அம்மண்ணில் என்ன இருக்கிறது? இயற்கையாய் அமைந்தது வெறும் மணல். நீர் ஊற்றினால் நில்லாது, உரம் இட்டால் தங்காது. உழுத புழுதி நாலில் ஒரு பங்காகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டா என்னும் கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் உரைத்துள்ளார். அது களியும் வண்டலும் கலந்த நிலத்துக்குப் பொருந்தும். கடற்கரை மணலைக் காயவிடுவதால் களை சாகுமேயன்றிச் சத்து பிறக்காது. இந்த மணலுக்கு உடல் தருபவை மக்கிய எருவும் குளத்து வண்டலும்தாம். துணைவியார் முப்பதாண்டுகளாக ஆட்டெருவும் அடுப்படிக் கழிவும் முருங்கைச் சருகும் இட்டு இட்டுத்தான் நமது மணல் சற்றே கறுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ஊரே வெள்ளக்காடான பொழுது அக்கறுப்பில் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. அதன்பின் மீண்டும் இட்டுச் சேர்த்ததே இன்றிருப்பது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் வேளாண் நூல், 1802-இல் மத்ரீதில் ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. அந்நூலார் முதல் அத்தியாயத்தை மண்ணுக்கும், இரண்டாவதை எருவுக்கும், மூன்றாவதை நீருக்கும் தந்த பின்னரே தோட்டத்துக்குள் நுழைகிறார். வரிசை முற்றிலும் சரி. ஆனால் அவருடைய குளிர்காலம் உறைபனிக்கு அஞ்சும் காலம். நமக்கோ பனித்துளிதான் உண்டு. காலக்கணக்கை அவரிடம் கடன் வாங்கலாகாது. 'ஃபிலாஹா' என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்கும்போது, ஃபா, லாம், ஹா என்னும் அவ்வேர் பிளத்தலைக் குறிக்கும் என்றும், மண்ணைப் பிளக்கும் உழவன் 'ஃபல்லாஹ்' என்றும், பாங்கில் நாள்தோறும் ஐந்து முறை நாம் கேட்கும் 'ஃபலாஹ்' அதே வேரினது என்றும் கூறுவது நம் வழக்கம். கொல்லையில் குனிந்து நிற்கையில் லுஹர் பாங்கு கேட்டால் இது தானே நினைவுக்கு வரும்.

வேலைக்கு வருவோம். முதலில் கோரை. மேலே அரிந்தால் நாலே நாளில் தலைகாட்டும். அடியிலுள்ள கிழங்கைக் கையால் பொறுக்கி வெயிலில் உலர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை. இதில் மட்டும் மூன்று நாள்கள் சென்றன. பிறகு ஆட்டெரு. புதிய ஆட்டெரு சூடு மிக்கது, வேரைச் சுட்டுவிடும். ஐப்பசியிலேயே குவித்து ஓலையால் மூடி வைத்திருந்த குவியல் இப்பொழுது கைக்குக் குளிர்ந்து, மண்வாசம் வீசியது. குர்பானிக்கென வளர்த்த கிடாய்கள் விட்டுச்சென்ற செல்வம் அது. வேர்முடிச்சு நூற்புழு மணலில் மிகுதி. ஆகவே அடியில் வேப்பம்புண்ணாக்கும் இட்டோம்.

எதை விதைப்பது? மாசித் தொடக்கத்திலிருந்து ஆனி வரை நூற்றிருபது நாள்கள். நாற்றுவிட்டு நட்டுப் பல திங்கள் காய் பறிக்கும் கத்தரியும் மிளகாயும் இக்கணக்கில் அடங்கா. புடலும் நீண்ட நாள் கேட்கும். வெண்டை ஐம்பது நாளில் காய்க்கும், வைகாசிக்குள் ஓய்ந்துவிடும். கொத்தவரையும் அப்படியே, அன்றியும் சற்று உப்பு நீரைப் பொறுக்கும். தண்டுக்கீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். அதன் விதை பொடியாதலால் மணலோடு கலந்து தூவ வேண்டும். பாகலுக்கு மட்டும், பந்தல் காணாமல் மனம் ஒப்பாத துணைவியாருக்காக, ஒன்றரை அடிக் குழிகள் இரண்டு எடுத்தோம். குழிக்கு ஐந்து விதை இட்டு, முளைத்தபின் இரண்டை மட்டும் நிறுத்துவோம். விதைகளை இரவு முழுதும் ஊறவைத்ததில் முளைப்பு விரைந்தது.

நீர்தான் பெருங்கவலை. கோடையில் நம் கிணறு கரிக்கத் தொடங்கும். தாமிரபரணியிலிருந்து வரும் குழாய் நீரோ குடிப்பதற்கே அளந்து வைப்பது. அந்நீரில் ஒளுச் செய்யுமிடத்திலிருந்து பாத்திக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். நபிவழியில் ஒரு முத்து அளவு நீரே ஒளுவுக்குப் போதும். நம் வீட்டார் ஆளுக்கு இரண்டு லிட்டர் செலவிடுவதால், அறுவர் ஐந்து வேளைக்குமாக அறுபது லிட்டர் சேரும். சிக்கனத்தை நாம் ஓயாமல் வலியுறுத்துவதுண்டு. இவ்வாண்டு அதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் வலியுறுத்துகிறோம்.

இளைய மகள் புது வீட்டின் வரைபடத்தைப் பார்த்து, அடுப்படிச் சன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். மதில் பக்கம் என்றோம். "அப்படியென்றால் கீரைப் பாத்தி சன்னலுக்கு நேராக இருக்கட்டும், வாப்பா" என்றாள். மதிலுக்கும் சுவருக்கும் இடையே ஐந்தடி விடவேண்டுமென்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் மூன்றடிக்கு மேல் இயலாது என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை. வெண்டை இதற்குள் நாலிலை விட்டுவிட்டது.