சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. நான் நர்ஸ். மாமியாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. தினமும் அவருக்கு இன்சுலின் போடுவது நான்தான்.

ஒருநாள் மருந்து தீர்ந்துபோக, என் கணவர் நகரியிலிருந்து வாங்கி வந்தார். நைட் டியூட்டி முடிந்து வந்தால், அத்தை தானே சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக் கையில் வைத்திருக்கிறார்.

"பயப்படாதம்மா, எப்பவும்போல 20 வரைக்கும்தான் எடுத்தேன்."

பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மில்லிக்கு 100 யூனிட் மருந்து அது. சிரிஞ்சோ, 40 யூனிட் மருந்துக்கான சிவப்பு மூடி. அதில் 20-ஆவது கோடு என்றால் அரை மில்லி. அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! போட்டிருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

தப்பு அத்தைமேல் இல்லை. வார்டில் எல்லோருக்கும் சொல்லும் நான், வீட்டில் சொல்லவில்லை.

அன்றே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். 40 மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 மருந்துக்கு ஆரஞ்சு மூடி. வயிற்றில் போட்டால் தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி. தினமும் ஒரு விரல் இடம் மாற்றி. ஒரே இடத்தில் குத்தினால் அங்கே தடித்து, மருந்து சரியாக ஏறாது. போட்டபின் தேய்க்கவும் கூடாது.

இப்போது தெருவில் யார் இன்சுலின் வாங்கி வந்தாலும் அத்தைதான் முதலில் கேட்கிறார்: "பாட்டில்ல என்ன நம்பரு? மூடி என்ன கலரு?"