தகரக் கொட்டகையில் நின்ற பூச்சிக்காளை

காங்கேயத்திலிருந்து பழையகோட்டை போகிற வழியெல்லாம் கொரங்காடுதான். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே குடை விரித்த வெள்வேல மரங்கள். ஆனி மாதக் கடைசியில் அங்கே போனது ஒரு வாசகர் கேள்விக்காக. ‘எங்கள் பூச்சிக்காளை சேர்ந்த மாடுகள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகின்றன. விற்றுவிடலாமா?’ என்று எழுதியிருந்தார்.

திமிலும் கழுத்தும் கறுத்த, அருமையான காளை. “போன வருசம் ஒரே சேர்க்கையில சினை நின்னுதுங்க” என்றார். பங்குனியில் புதிதாகத் தகரக் கொட்டகை போட்டு, மரத்தடியில் நின்ற காளையை உள்ளே கட்டியிருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்துத்தான். மத்தியானம் உள்ளே நுழைந்தால் அடுப்படி மாதிரி காந்துகிறது. மருத்துவர் பரிசோதித்ததில் தொற்று நோய் இல்லை. விந்தணுக்களில் பாதிக்கு மேல் அசைவில்லை.

காளையின் விரை, உடல் சூட்டைவிட 4 முதல் 5 டிகிரி செல்சியஸ் குறைவாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். அதனால்தான் விரைப்பை வெளியே தொங்குகிறது. விரைக்குள் இருக்கும் நுண்குழாய்களின் சுவரை ஒட்டி ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. இவை குதிரில் வைத்த விதைநெல் மாதிரி. இவற்றிலிருந்து பிரிந்து வளரும் செல்கள்தான் நாற்றங்கால். சூடு ஏறும்போது செல்கள் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். வளரும் பருவத்துச் செல்களால் அது முடியாமல் போகிறது. தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. நாற்று கருகினாலும் விதைநெல் பெரும்பாலும் தப்பிவிடும். சூடு ஓயாமல் நீடித்தால் அதற்கும் சேதாரம்தான். கோமாரி, மூன்று நாள் காய்ச்சல் வந்து போன காளைக்கும் இதே கதை நடக்கும். காய்ச்சலை மறந்துவிட்டுக் காளையைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

ஒரு விந்தணு உருவாக 61 நாள். முதிர்ந்து வெளிவர மேலும் பத்து நாள். இன்றைக்கே நிழலுக்கு மாற்றினாலும் புரட்டாசியில்தான் பலன் தெரியும். அதுவரை மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுக்கொள்ளலாம். புரட்டாசியில் மறுபடி விந்தைப் பரிசோதித்து, அப்போதும் தேறாவிட்டால் விற்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றேன்.

“ஞாயித்துக்கிழமை சந்தைக்கு வண்டி சொல்லிப்போட்டனுங்களே” என்று தலையைச் சொறிந்தார். அவர் சம்சாரம் ஒன்றும் பேசவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் காளையை வேல மரத்தடிக்கு நடத்திப் போனார்.