தலை கடைசியில் எழ வேண்டும்

கடலில் கயாக் கவிழும்போது, உள்ளே அமர்ந்திருப்பவரின் உடல் முதலில் தேடுவது காற்றை. ஆகவே, தலை நீரைவிட்டு எழ முயல்கிறது. பலரும் மீள இயலாமற் போவதற்கு அந்த முயற்சியே காரணமாகிவிடுகிறது.

கவிழத் தொடங்கும் படகைத் துடுப்பால் தாங்கி நிறுத்துவது பிரேஸிங். முற்றிலும் கவிழ்ந்த படகை, அதிலிருந்து வெளியேறாமலே நிமிர்த்துவது ரோல். இரண்டிலும் துடுப்பு ஒரு கணத்துக்கு மட்டுமே ஊன்றுகோல். படகை உண்மையில் நிமிர்த்துவன இடுப்பும் முழங்காலும். நீர்ப்பக்கம் உள்ள முழங்காலால் படகின் மேல்தளத்தை உள்ளிருந்து உந்த வேண்டும். தலை அதே பக்கத்துத் தோளில் சாய்ந்து, நீரை நோக்கியே இருக்க வேண்டும். முதலில் படகு, பிறகு உடல், கடைசியில் தலை. நான்கைந்து கிலோ எடையுள்ள தலை முந்திக்கொண்டால், இடுப்பு எதிர்த்திசையில் திரும்பிப் படகை மீண்டும் கவிழ்த்துவிடும்.

இவ்வறிவு கிரீன்லாந்தின் இனுயிட் வேட்டையர்களுடையது. உறைநிலையை ஒட்டிய அந்நீரில் படகைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் சாவையே குறித்தது. துயிலிக் எனப்படும் தோல் மேலங்கியைப் படகின் வாய்விளிம்போடு இறுகக் கட்டிக்கொண்டு, மனிதரும் படகும் ஓருடலாகவே கடலில் இறங்கினர். துடுப்பு கைநழுவிப் போகலாம் என்பதால், ஈட்டியெறியும் பலகையாலும் வெறுங்கையாலும் மூடிய முட்டியாலும்கூட நிமிரப் பழகினர். டேவிட் கிரான்ஸ் 1765இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கிரீன்லாந்து வரலாற்றில் இத்தகைய பயிற்சிகள் பத்தினை வரிசைப்படுத்தியிருக்கிறார்.

எழுத்தில் வைத்த உடலறிவு மீண்டும் உடலாகுமா? ஆகும் என்பதற்கு ஆஸ்திரியரான ஹான்ஸ் பாவ்லாட்டா சான்று. நூல்களில் படித்ததைக் கொண்டு தாமே முயன்று 1927இல் அவர் ரோல் செய்தார். அம்முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. எனினும், நூல் அவருக்குத் தந்தது இது இயலும் என்ற செய்தியை மட்டுமே. மற்றதை நீரில் பலமுறை தோற்றுத்தான் கற்றிருக்க வேண்டும். ‘இன்னதென அறிதல்’ வேறு, ‘செய்யும் வகை அறிதல்’ வேறு என்று கில்பர்ட் ரைல் 1949இல் வகுத்தார். தலையைத் தாழ்த்த வேண்டும் என்பதைக் கற்பவர் முதல் நாளே அறிவார். அவருடைய கழுத்து அதை அறியப் பல வாரங்கள் ஆகலாம்.

ஆனால், செய்யும் வகை அறிந்தாலும் போதுமா? ஆங்கிலேயரான ஜினோ வாட்கின்ஸ் 1930-31இல் கிரீன்லாந்துக்கு ஓர் ஆய்வுப் பயணத்தை நடத்திச் சென்றார். அங்குள்ள மக்களிடமே ரோல் கற்றுத் தேர்ந்தார். 1932 ஆகஸ்ட் 20 அன்று தனியாகச் சீல் வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய கயாக் மட்டும் கவிழ்ந்து மிதந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 25. நேர்ந்தது என்னவென்று சொல்ல அருகில் எவரும் இல்லை.

இன்று பயிற்சியில், ரோலுக்கு முன்பே கற்றுத்தரப்படும் ஒன்று உண்டு. கவிழ்ந்தவர் கைகளை நீருக்கு வெளியே நீட்டிப் படகின் அடிப்புறத்தைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். துணைவர் தம் படகின் முனையைக் கொண்டுவந்து நிறுத்துவார்; அதைப் பற்றிக்கொண்டு இடுப்பைத் திருப்பி எழ வேண்டும். அங்கும் தலை கடைசியில்தான். தலைகீழாய், மூச்சை அடக்கி, ஒருவர் வருவார் என நம்பியிருக்கும் அந்தச் சில நொடிகளே இக்கல்வியின் கடினமான பாடம்.

கிரீன்லாந்தின் கலாலிசுட் மொழியில் கயாக் என்பது ஒருமை. அதன் பன்மை கான்னத். உலக மொழிகள் பலவும் அந்த ஒருமையைக் கடன் வாங்கிக்கொண்டன. பன்மையை அங்கேயே விட்டுவிட்டன. கடலில் இறங்குபவர் இரண்டையும் கற்றுக்கொள்வது நல்லது.