வேளாங்கண்ணிச் சாலையும் வழுக்கும் சக்கரமும்

தஞ்சைத் தரணியின் கிழக்குக் கரைக்கு நீங்கள் எத்தனையோ முறை சென்று வந்திருப்பீர்கள். கூத்தாநல்லூரிலும் பொதக்குடியிலும் முத்துப்பேட்டையிலும் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் நம்மில் ஏராளம். நாகூருக்குச் செல்வோரும் உண்டு. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த பிள்ளைகள், வாடகைக்கு ஒரு கார் எடுத்து, குடும்பத்துடன் நாகப்பட்டினம் போய், அப்படியே தெற்கே வேளாங்கண்ணிக் கடற்கரை வரை சென்று திரும்புவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

வேளாங்கண்ணி கிறிஸ்தவ மக்களின் பெரும் வழிபாட்டுத் தலம். 1962ஆம் ஆண்டு அங்குள்ள மாதா கோயிலுக்குப் பசிலிக்கா என்னும் சிறப்பு வழங்கப்பட்டது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடைபெறும் திருவிழாவுக்குக் காவி உடையணிந்து நெடுந்தொலைவு நடந்தே வருகிறவர்களைச் சாலை ஓரங்களில் காணலாம். ஆனால் இக்கட்டுரை ஊரைப் பற்றியது மட்டுமன்று. அவ்வூருக்குச் செல்லும் சாலையையும், அச்சாலையில் செல்லும் காரின் முன்பலகையில் மினுங்கும் ஒரு சிறு மஞ்சள் விளக்கையும் பற்றியது.

வயலும் சாலையும் ஒன்றாகும் நாடு

காவிரிப் படுகையின் சாலைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். பல இடங்களில் தடுப்புச் சுவரும் கிடையாது. சக்கரம் இரண்டு முழம் விலகினால் வண்டி தண்ணீரில்தான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் மழை விழுந்த சிறிது நேரம் மிகவும் ஆபத்தானது. சாலையில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும் படலமாகிவிடும். மழை ஓய்ந்த பிறகு வயலிலிருந்து ஏறிவரும் டிராக்டர்கள் தங்கள் பெரிய சக்கரங்களில் களிமண்ணைச் சுமந்து வந்து சாலையில் உதிர்த்துவிட்டுப் போகின்றன. படுகையின் களிமண் ஈரம் பட்டால் சோப்பைப் போன்றது.

மழைக்காலம் போனால் சம்பா அறுவடை. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. களம் இல்லாத உழவர் வேறு என்ன செய்வார்? தார்ச்சாலையின் ஒரு பாதியில் நெல்லைக் கொட்டிக் காயவைக்கிறார். நெல்மணிகள் மீது ஏறும் சக்கரம், கோலிக்குண்டுகள் மீது கால் வைத்தவனைப் போலத் தடுமாறும். சாலையில் பரப்பிய வைக்கோலிலோ இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது காரின் அடியில் சுற்றிக்கொண்டு, சூடேறிய சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பற்றக்கூடும்.

அந்த மஞ்சள் விளக்கு

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள், எங்கள் உறவில் மருமகன் முறையுள்ள இளைஞர் ஒருவர் கார் ஓட்ட, நாங்கள் ஆறு பேர் திருவாரூரிலிருந்து கீவளூர் வழியாகச் சென்றுகொண்டிருந்தோம். பத்தாண்டுகள் வளைகுடாவில் கார் ஓட்டியவர். வண்டியோ அன்று காலை வாடகைக்கு வாங்கிய புதுக் கார். சேறு படிந்த ஓரிடத்தில் முன்பலகையில், ஒரு காரும் அதன் பின்னே நெளிந்த இரண்டு கோடுகளும் போன்ற மஞ்சள் விளக்கு படபடவென்று மினுங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தும் வண்டி வேகம் எடுக்கவில்லை.

"மாமா, வண்டியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது" என்றவர், அதே படம் பொறித்த பொத்தானைக் கண்டு அழுத்தினார். மினுங்கல் நின்று, விளக்கு நிலையாக எரிந்தது. கோளாறு சரியாகிவிட்டது என்றே அவர் எண்ணினார். அடுத்த வளைவிலும் சேறு. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் வெறுமனே சுழல, நேராக வாய்க்கால் கரையை நோக்கி வழுக்கிச் சென்று, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின்னிருக்கையில் பெண்களும் ஒரு கைக்குழந்தையும் இருந்தனர். இறைவன் காத்தான்.

எதிரே வந்த டிராக்டர் ஓட்டுநர் இறங்கி வந்து, "பாய், சேற்றில் மிதிக்கக் கூடாது, காலை எடுத்துவிட வேண்டும்" என்றார். அந்த எளிய மனிதர் சொன்ன அதே பாடத்தைத்தான் அந்த மஞ்சள் விளக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அதன் மொழி புரியவில்லை.

விளக்கு பேசும் மொழி

அக்கருவியின் பெயர் டிராக்‌ஷன் கண்ட்ரோல். இழுவைக் கட்டுப்பாடு எனலாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவியை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களுக்கு வழங்கியது. அதன் தொடர்ச்சியாக 1986இல் இழுவைக் கட்டுப்பாடும், 1995இல் வண்டி பக்கவாட்டில் வழுக்காமல் காக்கும் இ.எஸ்.பி.யும் வந்தன. பனி உறையும் நாடுகளில் பெரிதும் பயன்படும் கருவி, நம் களிமண் சாலைக்கும் பொருந்துகிறது.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சக்கரத்திலும் அதன் சுழற்சியை அளக்கும் உணர்கருவி ஒன்று உண்டு. இன்ஜின் சுழற்றும் சக்கரம் மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், அது பிடிப்பின்றி வழுக்குகிறது என்று பொருள். உடனே கணினி இன்ஜினின் வேகத்தைக் குறைக்கும். தேவையானால் அச்சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் பிடிக்கும். மிதித்தும் வண்டி வேகம் எடுக்காததன் காரணம் இதுவே. அது பழுது அன்று, பாதுகாப்பு.

ஆகவே இதை நினைவில் கொள்ளுங்கள். விளக்கு மினுங்கினால் கருவி வேலை செய்கிறது; சாலை வழுக்குகிறது; காலை மெல்ல எடுங்கள். நிலையாக எரிந்தால் கருவி அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது பழுதாகியிருக்கிறது. பெரும்பாலான கார்களில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். இன்னொன்றையும் மறக்கலாகாது: இக்கருவி இருக்கும் பிடிப்பைக் காக்குமே தவிர, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. தேய்ந்த டயருக்கும் கண்மூடித்தனமான வேகத்துக்கும் அது பரிகாரம் ஆகாது.

அணைக்க வேண்டிய இடம்

அப்படியானால் அணைப்பதற்கு ஒரு பொத்தானை ஏன் வைத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு விடை வேளாங்கண்ணியின் கடற்கரை ஓரத்திலேயே இருக்கிறது. அங்கே மணல் அள்ளிக் கிடக்கும் ஓரங்களில் காரை நிறுத்திவிட்டுத் திரும்பும்போது சக்கரம் புதைந்துவிடுகிறது. மணலைத் தள்ளிக்கொண்டு வெளியேறச் சக்கரம் சற்றே சுழன்றாக வேண்டும். கருவியோ, சுழற்சியைக் கண்டதும் இன்ஜினை அடக்கிவிடும். அந்த வேளையில்தான் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும்.

பின்பு ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சக்கரத்தின் முன்னே இருக்கும் மணலை அகற்றி, தென்னை மட்டையோ சாக்கோ இட்டு, மெதுவாக மிதியுங்கள். வெறிகொண்டு மிதித்தால் வண்டி இன்னும் ஆழமாகப் புதையும். டயர் காற்றை ஏறத்தாழ 20 அளவுக்குக் குறைத்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். பாலைவனத்தில் ஓட்டிய நம் பிள்ளைகள் இதை அறிவார்கள். வெளியேறியதும் மெதுவாகச் சென்று காற்றை நிரப்புவதும், பொத்தானை மறுபடி அழுத்துவதும் கடமை. வண்டியைத் தள்ளும்போது பிள்ளைகள் அருகில் நிற்க வேண்டாம்.

வேறு சில அடையாளங்கள்

அறிமுகமில்லாத காரில் ஏமாற்றும் பொத்தான்கள் இன்னும் சில உண்டு. காரினுள்ளே வளைந்து திரும்பும் அம்புக்குறி, உள்காற்றையே சுழலவிடும் பொத்தான். மழையில் ஆறேழு பேர் அமர்ந்திருக்க அது இயங்கினால், மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து பாதை மறைந்துவிடும். அதை அணைத்து, ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வட்ட அம்புக்குள் ஆங்கில எழுத்து 'ஏ' இருந்தால், வண்டி நிற்கும்போது இன்ஜின் தானே அணையும் ஏற்பாடு. ரயில்வே கேட்டில் இன்ஜின் நின்றுவிட்டதே என்று பதற வேண்டாம். சிவப்பு முக்கோணம், நின்றுவிட்ட வண்டி பிறரை எச்சரிப்பதற்கானது. நாற்சந்தியில் நேரே போகிறோம் என்று காட்டுவதற்கு அன்று.

வளைகுடாவிலிருந்து வருவோருக்கு ஒரு சொல்: அங்கே இண்டிகேட்டர் கம்பி இடக்கைப் பக்கம். இங்கே பல கார்களில் அது வலக்கைப் பக்கம். திரும்புவதற்கு முன் வைப்பர் ஓடினால் வியப்பதற்கில்லை. ஆனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புவது தெரியாது என்பதை மறவாதீர்கள்.

விளக்குகளின் நிறமும் ஒரு மொழியே. பச்சையும் நீலமும், ஒரு கருவி இயங்குகிறது என்று அறிவிப்பவை. மஞ்சள், கவனி என்கிறது. சிவப்பு, நில் என்கிறது. எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ சிவப்பாக எரிந்தால், ஊர் வரட்டும் என்று ஓட்டாமல் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

அன்பு வாசகர்களே! வாடகைக் காரை வாங்கும்போது அதன் கீறல்களைக் குறித்துக்கொள்ள நாம் அரைமணி நேரம் செலவிடுகிறோம். இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு பொத்தானும் எதற்கென்று உரிமையாளரிடம் கேட்டு அறியுங்கள். கேட்பதில் இழிவு ஏதுமில்லை. வீட்டிலுள்ள பெண்களும் இவ்விளக்குகளின் பொருளை அறிந்திருப்பது நல்லது. ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கையில், அருகில் அமர்ந்திருப்பவரின் கண் அல்லவா முன்பலகையைப் பார்க்கிறது! பயண துஆவை ஓதிப் புறப்படுங்கள். வழியில் நெல் காயும் இடத்திலும் சேறு படிந்த வளைவிலும் வேகத்தைக் குறையுங்கள். உழவரின் நெல்லும் உங்கள் குடும்பமும் ஒருசேரப் பத்திரமாக இருக்கும்.