இருட்டில் ஓடும் கம்ப்யூட்டர்

2021-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பதரை மணி. அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, மேக் செத்துப் போச்சு."

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவனிடம் இருப்பது மேக்கே அல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்டில் மதர்போர்டு ஒரு கடை, எஸ்.எம்.பி.எஸ். இன்னொரு கடை, கேபினட் பேரம் படிந்த கடை என்று அலைந்து வாங்கி, தானே பூட்டிய பெட்டி. உள்ளே இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கலப்புத் திருமணத்துக்கு 'ஹாக்கின்டாஷ்' என்று பெயர். பையன் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன். ஃபைனல் கட் ப்ரோ பழகிய கை வேறெதற்கும் வளையவில்லை. நிஜ மேக் வாங்கக் காசு இல்லை.

"செத்துப் போச்சுன்னா? ஃபேன் சுத்துதா?"

"சுத்துது மாமா. ஸ்கிரீன்தான் கறுப்பு."

"அப்ப சாகலை. கண்ணைத்தான் மூடிட்டு இருக்கு. எதையும் ஃபார்மட் பண்ணாதே, வரேன்."

ஃபார்மட் என்ற வார்த்தைக்கு அவன் பதில் சொல்லாததிலிருந்தே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. ஆட்டோ பிடித்தேன்.

போன பிறகுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த ஒரு கல்யாணம். நலங்கில் மாப்பிள்ளையின் பாட்டி பாடியிருக்கிறார். நடுவில் ஓர் அடி மறந்துபோய், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் பாட்டி போன வாரம் காலமாகிவிட்டார். புதன்கிழமை பதினாறாம் நாள் காரியம். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பார்க்கப் பாட்டி வரும் இடங்களை மட்டும் சேர்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஃபுட்டேஜ் முழுக்க இந்த ஒரு பெட்டிக்குள். வேறு காப்பி?

"எடுக்கணும்னுதான் நினைச்சேன் மாமா."

திட்டவில்லை. திட்டினால் காப்பி வந்துவிடப் போவதில்லை.

"இன்னிக்கு எதை மாத்தினே?" என்றேன். எந்த ரிப்பேருக்கும் முதல் கேள்வி இதுதான். மத்தியானம் பழைய மானிட்டர் காலமாகிவிட்டது. நண்பனிடம் ஒன்று இரவல் வாங்கி வந்திருக்கிறான். பழையது டிஸ்ப்ளே போர்ட்டில் ஓடியது. புதியதில் ஹெச்.டி.எம்.ஐ. மட்டும்தான். மதர்போர்டின் முதுகில் ஹெச்.டி.எம்.ஐ. துளையும் இருக்கிறது. செருகியிருக்கிறான். ஆப்பிள் லோகோ வந்தது. கீழே கோடு பாதி தூரம் நகர்ந்தது. அப்புறம் கும்மிருட்டு.

பெட்டியை அணைத்துப் போட்டு, 'டெலீட்' பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பயாஸ் திரை பளிச்சென்று வந்தது. இந்த ஒரு சோதனையில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். பயாஸ் தெரிகிறது என்றால் மானிட்டர் சரி, கேபிள் சரி, துளையும் சரி. கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதை நிறுத்திவிடலாம். கோளாறு மேக் ஓ.எஸ். விழித்தெழுந்த பிறகு வருகிறது.

ஏன் பாதியில் இருட்டுகிறது? கம்ப்யூட்டர் கிளம்பும்போது திரையை ஏற்றிவைப்பது மதர்போர்டில் இருக்கும் மென்பொருள். ஆப்பிள் லோகோவும் அந்தக் கோடும் அது கொடுத்த வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. பாதி வழியில் மேக்கின் சொந்த கிராபிக்ஸ் டிரைவர், "நகருங்க, இனி நான் பார்த்துக்கறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொள்கிறது. கை மாறும் அந்த இடத்தில்தான் இருட்டு.

அந்த டிரைவர் புத்திசாலி. ஆனால் தன் வீட்டை மட்டுமே அறிந்த புத்திசாலி. ஆப்பிள் தயாரிப்பது எண்ணி சில மாடல்கள். எதில் எத்தனை வீடியோ வாசல், எந்த வாசலுக்கு எந்த வயர் போகிறது என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி டிரைவருக்குள் வைத்துவிடுகிறது. இவன் பெட்டியில் இருக்கும் யு.ஹெச்.டி. 630 கிராபிக்ஸுக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பட்டியலில் மூன்று வாசல். மூன்றும் டிஸ்ப்ளே போர்ட். வயர் நம்பர் 5, 4, 6. ரிச்சி ஸ்ட்ரீட் மதர்போர்டு செய்த கம்பெனிக்கு இந்தப் பட்டியலைப் பற்றி என்ன கவலை? அவர்கள் வசதிக்கு வயர் இழுத்திருக்கிறார்கள். டிஸ்ப்ளே போர்ட் அதிர்ஷ்டவசமாக ஒத்துப்போயிற்று. ஹெச்.டி.எம்.ஐ. ஒத்துப்போகவில்லை. தவிர, இரண்டும் வேறு வேறு பாஷை. இன்டெல் சிப்பின் அதே கால்கள் இரண்டையும் பேசும். ஆனால் எதைப் பேச வேண்டும் என்று டிரைவர்தான் சொல்ல வேண்டும்.

"அப்ப உள்ளே ஓடிட்டுத்தான் இருக்கா?" என்றான் பையன், நம்பிக்கையில்லாமல்.

ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். படுத்துக்கொண்டே வேலை எவ்வளவு முடிந்தது என்று பார்ப்பதற்காக, மேக்கில் 'ஸ்கிரீன் ஷேரிங்'கை எப்போதோ திறந்துவைத்திருந்தான். அவனுடைய பழைய விண்டோஸ் லேப்டாப்பில் வி.என்.சி. மூலம் வீட்டு நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டோம். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தோம்.

மேஜைமேல் இருந்த மானிட்டர் அப்படியே கறுப்பு. மடியில் இருந்த லேப்டாப்பில் அவனுடைய மேக், எந்தக் குறையும் இல்லாமல், வால்பேப்பரில் குலதெய்வத்தோடு. பையன் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"முதல்ல ஃபைல். அப்புறம் ஸ்கிரீன்" என்றேன். வெளி டிஸ்க்கைச் செருகி, பாட்டி வரும் கிளிப்புகளை அதில் காப்பி எடுத்தோம். இனி பெட்டியே வெடித்தாலும் பாட்டி பத்திரம். தடுமாறித் தடுமாறி நகரும் வி.என்.சி. திரையில் கலர் பார்த்து எடிட் செய்ய முடியாது. ஆனால் பயம் போய்விட்டது. பயம் போனால் ரிப்பேர் வெறும் கணக்கு.

'அபவுட் திஸ் மேக்'கைத் திறந்தேன். கிராபிக்ஸ் என்ற இடத்தில் 1536 எம்.பி. என்று இருந்தது. அங்கே 7 எம்.பி. என்று இருந்தால் டிரைவரே ஏறவில்லை, அது வேறு வைத்தியம். (என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த கம்பெனி தன் புது கார்டுகளுக்கு டிரைவர் கொடுத்தது 2017-ல் வந்த ஹை சியராவோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் துளையை மாற்றி மாற்றிச் செருகிப் பயனில்லை.) எங்களுக்கு டிரைவர் ஏறியிருக்கிறது, வாசல்தான் தவறு.

பட்டியலைத் திருத்த ஹாக்கின்டாஷ்காரர்கள் 'வாட்எவர்கிரீன்' என்று ஒரு சின்ன மென்பொருளை நம்புகிறார்கள். 'ஓப்பன்கோர்' என்ற கிளப்பிவிடும் மென்பொருளின் கட்டமைப்பு ஃபைலில் நாம் எழுதிவைப்பதை அது டிரைவருக்கு ஓதும். ஒரிஜினலைத் தொடக்கூடாது. அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் காப்பி எடுத்து, காப்பியில்தான் கைவைத்தோம். கெட்டுப்போனால் பென்டிரைவைப் பிடுங்கினால் போதும், பழைய நிலை.

முதல் வாசலின் வகையை மாற்றினேன். 400 என்றால் டிஸ்ப்ளே போர்ட், 800 என்றால் ஹெச்.டி.எம்.ஐ. மற்ற இரண்டு வாசல்களையும் அடைத்தேன். பிறகு வயர் நம்பர். பட்டியலில் இருப்பது ஒன்றாவது இருக்கும் என்று 5 போட்டோம். ரீஸ்டார்ட். லோகோ, பாதிக் கோடு, இருட்டு. 4. இருட்டு. 6. இருட்டு.

"ரெண்டு மூணை ஒண்ணா மாத்திப் பார்த்துடலாமா மாமா?"

"கூடாது. ஒரு தடவைக்கு ஒண்ணு. இல்லாட்டி எது சரியாச்சுன்னும் தெரியாது, எது கெடுத்துச்சுன்னும் தெரியாது."

அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். "கடையில வாங்கினா இந்தத் தொல்லை உண்டா?" என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போனாள். நியாயமான கேள்வி. 1 போட்டோம். இருட்டு. மணி பன்னிரண்டரை. பாக்கி 2.

லோகோ. கோடு. இருட்டு. ஒரு விநாடி... மானிட்டரில் குலதெய்வம்!

ஆப்பிள் பட்டியலிலேயே இல்லாத நம்பர். ஆனால் வயர் அங்கேதான் இருந்திருக்கிறது.

இந்த விளையாட்டுக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. 2005 ஜூனில், மேக் இனி இன்டெல் சிப்புக்கு மாறும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்த அன்றே விதை விழுந்துவிட்டது. சிப் ஒன்றாகிவிட்டால் எல்லாப் பெட்டியிலும் ஓட்டிப் பார்க்க ஆசை வருமே! ஆப்பிளின் உரிமப் பத்திரம், தங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே போட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 'சைஸ்டார்' என்ற கம்பெனி 2008-ல் இதை வியாபாரமாகவே செய்து, 2009-ல் கோர்ட்டில் தோற்றது. இதைச் சொல்லித்தான் பையனுக்கும் அறிவுரை செய்தேன். "காசு சேர்ந்ததும் வாங்கிடறேன் மாமா" என்றான். சொன்னபடி 2023-ல் வாங்கிவிட்டான்.

கதையும் முடிவுக்கு வந்துவிட்டது. 2020-ல் ஆப்பிள் தன் சொந்த சிப்புக்கு மாறுவதாக அறிவித்தது. 2025 ஜூனில், அந்த வருஷத்து 'டஹோ' பதிப்புதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று சொல்லிவிட்டது. இன்னும் சில வருஷத்தில் 400, 800, வயர் நம்பர் எதுவும் யாருக்கும் தேவைப்படாது.

ஆனால் அந்த இரவில் கற்றது தேவைப்படும் என்றே நினைக்கிறேன். திரை கறுத்துவிட்டால் உள்ளே எல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபார்மட் பட்டனில் கைவைக்கும் முன் வேறு வாசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம், காப்பி எடுத்துவையுங்கள்.

புதன்கிழமை அந்த வீட்டுக்கு வீடியோ போயிற்று. பாட்டி அடி மறந்து சிரிக்கும் இடத்தை முதலில் வெட்டியிருந்தானாம். "பாட்டுல தப்பு வருதேன்னு நினைச்சேன் மாமா" என்றான். கடைசி நிமிஷத்தில் திரும்பச் சேர்த்துவிட்டான். அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போடச் சொன்னார்களாம்.