டயட்டுக்கு அல்வா!

டயட்ல இருக்கிறவங்க கண்ணைக் கட்டிக்கிட்டு நடக்க வேண்டிய ஊர் எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்லலாம்... திருநெல்வேலி! ஜங்ஷன் ரயில்வே ஸ்டேஷனை விட்டு ரோட்டுக்கு வந்தா போதும், அல்வா கடைகள். பசிக்குதா இல்லையான்னு வயிறு யோசிக்கிறதுக்குள்ள கண்ணு ஆர்டர் கொடுத்துடும்.

நாங்க நின்ன கடையில லட்டு, மைசூர்பாகு எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால. அல்வா மட்டும் தட்டு நிறைய, கை எட்டுற தூரத்துல. மேலே பளிச்சுன்னு லைட். அந்த வெளிச்சம் நெய்யில பட்டு மினுக்கும் பாருங்க, அதான் மேட்டர்! (இன்ஜினீயரிங் படிக்கிறவனுக்கு அல்வாவைப் பார்த்தாலும் 'ரிஃப்ளெக்‌ஷன்' பாடம்தான் ஞாபகம் வருது. கண்டுக்காதீங்க.)

என்கூட வந்த ரூம்மேட்டுக்கு இது விளையாட்டு இல்லை. அவங்க அப்பாவுக்கு சுகர். இவனுக்கும் இருபது வயசுலேயே "பார்டர்ல இருக்கு தம்பி, வெயிட்டைக் குறை"ன்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு மாசமா, மெஸ்ல பூரி போடுற நாள்லகூட இட்லி தேடுறவன். அப்படிப்பட்டவன் என்னைவிட அதிக நேரம் அந்தத் தட்டையே பார்த்துட்டு நின்னான்.

இதுல ஆச்சரியமே இல்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியரா இருந்த வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே சொல்றது இதுதான்: டயட்ல இருக்கிறவங்க மனசுல ருசிக்கும் எடைக்கும் எப்பவும் மல்லுக்கட்டு. பிடிச்ச பண்டம் கண்ணுல பட்டதும் ருசி முழிச்சுக்கும். எடை விஷயம் கடைசி பெஞ்சுக்குப் போயிடும்!

"சும்மா சாப்பிட்டுப் பாருங்க தம்பி"ன்னு கடைக்காரர் ஒரு விள்ளல் நீட்டினார். அது உள்ளே போனதுதான் தாமதம்... "போச்சு மச்சி, இன்னிக்கு டயட் அவ்ளோதான். கால் கிலோ வாங்கு!" 1975-ல் ஹெர்மன், மேக் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்க்ரீம் வெச்சாங்க. மத்தவங்க வயிறு நிறைஞ்சதால ஐஸ்க்ரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. டயட் பார்ட்டிகள் மட்டும், மில்க் ஷேக் குடிச்ச பிறகுதான் ஒரு பிடி பிடிச்சாங்க. அங்கே மில்க் ஷேக், இங்கே விள்ளல்!

"எனக்கு மன உறுதியே இல்லடா"ன்னு டவுன் பஸ்ல ஒரே புலம்பல். எனக்கு அதுல உடன்பாடு இல்லை. எதிர்ல தட்டு, லைட், விள்ளல்னு மூணு ஆயுதம். நம்மாளு வெறுங்கையோட போய் நின்னா என்ன ஆவான்?

ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி, ஆர்ச் வழியா டவுனுக்குள்ள போனா நெல்லையப்பர் கோயில். எதிர்ல கீழ ரத வீதியில இருட்டுக்கடை. சாயங்காலம்தான் திறப்பாங்க. ஒரு காலத்துல ஒத்தை விளக்கு வெளிச்சத்துல வியாபாரம் நடந்ததால அந்தப் பேரு. மினுக்குற ஷோகேஸ் கிடையாது. அப்போ டயட் ஆசாமி தப்பிச்சுக்கலாமே? அதான் இல்லை! இங்கே கண்ணை இழுக்கிறது அல்வா இல்லை, க்யூ. முன்னாடி நிக்கிறவர் சூடா வாங்கி, அங்கேயே நின்னு, விரலை நக்குறதைப் பார்த்துட்டு யார் வீட்டுக்குப் போவா?

க்யூ நகரவே இல்லை. சும்மா நின்ன நேரத்துல, படிச்ச இன்னொரு விஷயத்தை எடுத்துவிட்டேன். 2010-ல் எஸ்தர் பாபீஸ் என்ற ஆய்வாளரும் அவரோட சகாவும் நெதர்லாந்துல ஒரு கறிக்கடையைப் பிடிச்சாங்க. உள்ளே ஓசி சாம்பிள் தட்டு. வாசல்ல சில சமயம் மட்டும் ஒரு போஸ்டர்: ஒல்லியா இருக்க ஏத்த சமையல் குறிப்புன்னு. போஸ்டர் இருந்தப்போ டயட்காரங்க சாம்பிளைக் குறைச்சு எடுத்தாங்க. டயட்டே இல்லாதவங்ககிட்ட போஸ்டர் வேலைக்கு ஆகலை! அதாவது, கண்ணால வந்த ஆசையைக் கண்ணாலயே தடுத்திருக்காங்க.

"ரத வீதியில நமக்கு யாருலே போஸ்டர் ஒட்டுவா?"ன்னு சிரிச்சான். அப்புறம் சத்தம் இல்லாம பர்ஸ்ல மடிச்சு வெச்சிருந்த பிளட் ரிப்போர்ட்டை எடுத்து, போட்டோ பிடிச்சு, மொபைல் வால்பேப்பரா மாத்திட்டான்.

எங்க முறை வந்தது. சில்லறைக்காகப் பர்ஸைத் தேடினவன், இன்னொரு கையில இருந்த மொபைலை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணாச்சி, இவனுக்கு மட்டும் நூறு கிராம்."

நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் கோயில் கோபுரத்தையே பார்த்துட்டு நின்னான்.