எல்லை கடலில் மட்டும்தானா?

தேசத்தின் எல்லை என்றதும் தமிழ் சினிமா ‘ரோஜா’வின் (1992) காஷ்மீருக்குப் போய்விடுகிறது. பூம்புகார்ப் பக்கம் வாழும் எங்களுக்கு எல்லை கடலில் இருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடலில் கோடு கிழித்தன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. ராமேஸ்வரம், நாகை, மயிலாடுதுறை மீனவர்களை இலங்கைக் கடற்படை கைது செய்வது இன்றுவரை நிற்கவில்லை.

இந்த எல்லையைப் பேசிய படங்களில் முக்கியமானது சீனு ராமசாமியின் ‘நீர்ப்பறவை’ (2012). கடலில் பெற்றோரைப் பறிகொடுத்த ஈழத்துக் குழந்தை அருளப்பசாமியை ஒரு மீனவத் தம்பதி எடுத்து வளர்க்கிறது. வளர்ந்தபின் அவன் கடலுக்குப் போக நினைக்கும்போது, ‘நீ மீனவனாகப் பிறந்தவன் இல்லை’ என்று ஊர் மறுக்கிறது. கடைசியில் கடற்படையின் துப்பாக்கிக்குப் பலியாகிறான்.

அந்த மறுப்பில்தான் நாங்கள் எங்களைப் பார்த்தோம். பிறப்பை வைத்துக் கடலை மறுப்பதற்குப் பெயர் சாதி. ஆனால் படம் அந்தப் பெயரைச் சொல்லாமல், அதை அகதியின் துயரமாக மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. அவனைக் கொன்ற எல்லையின் மேல் வரும் கோபம், அவனை ஒதுக்கிய எல்லையின் மேல் வருவதில்லை.

கரையில் இருக்கும் அந்த எல்லையை 2004 ஆழிப்பேரலை வெளிச்சமாக்கியது. அன்று பூம்புகாரும் நாகை மாவட்டத்தில்தான் இருந்தது. வயல்கள் உப்பேறின, கூலி வேலை போனது. மீன் சுமந்தும், விற்றும், நண்டு பிடித்தும் பிழைத்த தலித்துகள் படகு இல்லாததால் இழப்புக் கணக்கிலேயே வரவில்லை. நிவாரண முகாம்களிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன.

மீனவர் சிந்தும் ரத்தம் பொய்யல்ல. அவர்கள் போராட்டத்தில் நாங்களும் நிற்கிறோம். ஆனால் ‘தமிழன்’ என்ற ஒரே சொல்லால் கடற்கரை முழுவதையும் மூடும் சினிமா, குப்பத்துக்கும் காலனிக்கும் நடுவில் கிடக்கும் கோட்டையும் சேர்த்தே மூடுகிறது. எதிரி வெளியே மட்டும் இருப்பதாகக் காட்டினால், உள்ளே இருக்கும் ஆதிக்கத்துக்கு வேலை சுலபம்.

தோழர்களே, அடுத்து ஓர் எல்லைப் படம் பார்க்கும்போது இதைக் கேளுங்கள்: படகு யாருடையது, கரையில் கூடை சுமப்பது யார், நிவாரணப் பட்டியலில் யார் பெயர் இல்லை? பதில் திரையில் இல்லையென்றால், கேமராவை நாம் எடுப்போம்.